மேலே கவசம், கீழே நஞ்சு
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



காலையில் எழுந்து கதிரவனைக் கும்பிடும் வழக்கம் நம்மவரிடையே தொன்றுதொட்டு இருந்து வருகிறது. நாம் கும்பிடும் அக்கதிரவன் ஒளியையும் வெப்பத்தையும் மாத்திரம் அனுப்புவதில்லை. கண்ணுக்குப் புலப்படாத கழியூதாக் கதிர்களையும் அனுப்புகிறான். அவை அளவோடு பட்டால் உடலில் விற்றமின் டி உண்டாகும். அளவு மீறினால் தோல் கருகும். காலப்போக்கில் கண்ணிற் படலம் விழவும், தோலிற் புற்று உண்டாகவும் கூடும்.

இக்கதிர்களுக்கும் வளர்ந்துவரும் பெருநகரொன்றின் காற்றுக்கும் உள்ள தொடர்பைப் பற்றியே இன்று பேச எண்ணியுள்ளேன். நான் எடுத்துக்கொண்டது மெக்சிக்கோ நகரம். அவ்வளவு தூரம் போவானேன் என்று கேட்பீர்கள். ஓசோன் செய்யும் நன்மையையும் தீமையையும் ஒருங்கே காட்ட அதைவிடப் பொருத்தமான நகரத்தை நான் அறியேன்.

ஓசோன் மூலக்கூறில் மூன்று ஒட்சிசன் அணுக்கள் உள. நாம் சுவாசிக்கும் ஒட்சிசனில் இரண்டே உள. ஓசோனின் பெரும்பகுதி ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீற்றர் வரையுள்ள உயரத்திலே பரந்து கிடக்கிறது. அவ்வளவையும் திரட்டி நிலமட்டத்து அமுக்கத்தில் வைத்தால் 3 மில்லிமீற்றர் அளவான தடிப்பே தேறும். இந்த மெல்லிய போர்வைதான் கழியூதாக் கதிர்களின் கொடிய பகுதியைத் தடுத்து நிற்கிறது. அதே வாயு நாம் நடமாடும் தெருவில் உண்டானால் தொண்டையை அரிக்கும், நுரையீரலைப் புண்படுத்தும், தொய்வு நோயாளரை வாட்டும்.

மெக்சிக்கோ நகரம் கடல்மட்டத்திலிருந்து 2,240 மீற்றர் உயரத்திலே, மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் ஏறும்போதும் கழியூதாக் கதிர் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு வீதம் கூடும். 1950 இல் சுமார் 30 இலட்சம் மக்கள் வாழ்ந்த அந்நகரப் பகுதியில் இன்று 2 கோடிக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். அவர்களுடைய மோட்டார் வாகனங்கள் கக்கும் நைதரசன் ஈரொட்சைட்டைக் கழியூதாக் கதிர் பிளக்கிறது. அதிலிருந்து பிரிந்த ஒட்சிசன் அணு காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர, ஓசோன் பிறக்கிறது. மலைகள் அதை வெளியேற விடுவதில்லை. 100 என்பதே எல்லையான அந்நகரத்துச் சுட்டெண்ணில், 1992 மார்ச் 16 ஆம் நாள் ஓசோன் 398 ஐத் தொட்டது.

அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. 1989 இல் ஒவ்வொரு காரும் வாரத்தில் ஒருநாள் ஓடக்கூடாதென விதித்தது. மனிதர் சும்மா இருப்பார்களா? சிலர் அந்த ஒருநாளுக்காகவே இன்னொரு பழைய காரை வாங்கிக்கொண்டனர்! 1991 இல் நகருக்குள் இருந்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை மூடப்பட்டது. பெற்றோலும் வாகனங்களும் திருத்தப்பட்டன. ஓசோன் குறைந்தது, ஆயினும் ஒழியவில்லை. 2020 இல் பெருநோயால் நகரம் அடங்கிக் கிடந்தபோது மற்ற மாசுகள் குறைந்தன. ஓசோனோ அதற்கேற்பக் குறையவில்லை. காரணம் உண்டு. புகையிலுள்ள நைத்திரிக்கு ஒட்சைட்டு ஓசோனைத் தின்னவும் செய்கிறது. பெற்றோலாவி, வர்ணப்பூச்சு, கரைப்பான்கள் முதலியவற்றிலிருந்து எழும் ஐதரோக்காபன்களைக் குறைக்காமல் நைதரசன் ஒட்சைட்டுகளை மாத்திரம் குறைத்தால் நினைத்த பலன் கிட்டாது. வீடுகளிற் சமையலுக்கு எரிக்கும் வாயுவின் ஒழுக்குக்கும் இதிற் பெரும் பங்குண்டென்று 1995 இல் பிளேக், ரோலண்ட் என்ற இருவர் எழுதினர்.

இந்த ரோலண்டும் அவருடன் ஆராய்ச்சி செய்த மரியோ மொலினா என்ற இளைஞருமே, குளிரூட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோபுளோரோகாபன்கள் மேலேயுள்ள ஓசோனை அழிக்குமென 1974 இல் உலகுக்குச் சொன்னவர்கள். தொழிலதிபர் பலர் எதிர்த்தனர். 1985 இல் அண்டாட்டிக்காவின் மேலே ஓசோன் வெகுவாகக் குறைந்திருந்தது தெரியவந்தது. 1987 இல் மொன்றியல் உடன்படிக்கை பிறந்தது. 1995 இல் குருட்சன் என்பவரோடு இவ்விருவரும் நோபல் பரிசு பெற்றனர். மொலினா பிறந்தது எங்கே தெரியுமா? 1943 இல், இதே மெக்சிக்கோ நகரத்திலே! மேலேயுள்ள ஓசோனைக் காக்க வாதாடியவர், பிற்காலத்தில் தம் ஊரின் தெருக்களிலுள்ள ஓசோனைக் குறைக்கப் பாடுபட்டார். 2020 இல் அவ்வூரிலேயே காலமானார்.

மாசடைந்த காற்று கழியூதாக் கதிரின் ஒரு பகுதியை உறிஞ்சுவது உண்மை. மெக்சிக்கோவின் நகர நடுவில் அக்கதிர் புறநகரைவிடக் குறைவாகவே அளக்கப்பட்டது. அதனால் புகையும் ஒரு குடைதானே என்று வாதிப்பாரும் உளர். குடைக்காக நஞ்சைச் சுவாசிப்பது எவ்வகைச் சிக்கனமோ! காற்றைச் சுத்தப்படுத்தத்தான் வேண்டும். சுத்தப்படுத்திய இடத்தில் வெயிலின் கடுமை கூடுமாதலால் நிழல்மரமும் தொப்பியும் அங்கே முன்னிலும் அவசியமாகின்றன. இதனை நகரம் அமைப்போர் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

நமது தீவின் கரையோர நகரங்களைக் கடற்காற்று ஓரளவு காக்கிறது. ஆனால் பூமத்தியரேகைக்கு அண்மையில் மேலேயுள்ள ஓசோன் இயற்கையாகவே மெல்லியது. கழியூதாச் சுட்டெண் 11 உம் அதற்கு மேலும் மிகக் கடுமையானவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தெளிந்த வானமுள்ள நாளின் நண்பகலில் நம் நாட்டில் அவ்வளவு ஏறுவது சாதாரணம். மெக்சிக்கோவில் ஓசோன் மிகுந்த நாட்களில், பிற்பகல் ஒரு மணியிலிருந்து ஏழு மணிவரை வெளியில் ஓடியாட வேண்டாமென்று அறிவிக்கிறார்கள். நாமோ நமது விளையாட்டுப் போட்டியின் ஓட்டங்களைப் பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணிவரை, மரமில்லாத மைதானத்தில், சின்னஞ்சிறுவரைக் கொண்டு நடத்துகிறோம். அடுத்த ஆண்டு அவற்றைக் காலை ஒன்பது மணிக்குள்ளும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் வைக்கும்படி செயலாளர் அவர்களுக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறேன். செயற்குழு அடுத்த கூட்டத்தில் அதை எடுத்துக்கொள்ளுமென நம்புகிறேன்.