கப்பல் கட்டக் கற்ற சிறுதீவு

(வாசகசாலை மண்டபமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிறிய நாடு எதனையும் தானாகச் செய்துகொள்ள இயலாது. பெரிய நாடுகள் செய்து தருவதை வாங்கிக்கொண்டு, அவை விதிக்கும் நிபந்தனைகளுக்குத் தலைவணங்கி வாழ்வதே அதன் தலைவிதி என்று சொல்வோர் நம்மிடையே பலர் உளர். அவர்களுக்கு மறுமொழியாகத் தத்துவம் எதனையும் நான் இங்கு பேச வரவில்லை. நான்கு கப்பல்களின் வரலாற்றைச் சொல்ல வந்திருக்கிறேன்.

அந்த நான்கு கப்பல்களும் சிங்கப்பூருடையவை. நமது இலங்கையின் பரப்பில் ஏறத்தாழத் தொண்ணூற்றில் ஒரு பங்கே கொண்ட தீவு அது. தமிழையும் தன் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்ற நாடு. 1965ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9ஆம் நாள் மலேசியாவிலிருந்து பிரிந்து தனித்து நின்றபோது, அதற்குக் கடற்படை என்று பெருமையோடு சொல்லிக்கொள்ள ஏதும் இருக்கவில்லை. காவல் செய்தது பிரித்தானியா. நாட்டின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கும் பிரித்தானியப் படைத்தளங்களினாலேயே கிடைத்து வந்தது. 1968ஆம் ஆண்டு ஜனவரியில் அந்தப் பிரித்தானியா, 1971ஆம் ஆண்டு முடிவுக்குள் தன் படைகள் வெளியேறிவிடும் என்று அறிவித்தது. காவலும் போகும், கூலியும் போகும் என்ற நிலை.

அப்போது அந்நாட்டார் என்ன செய்தார்கள்? செம்பவாங்கிலிருந்த பிரித்தானியக் கடற்படைத் தளத்தின் கப்பற்றுறையை ஒரு டொலர் என்னும் அடையாள விலைக்குப் பெற்று, வணிகக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் தொழிலகமாக்கினார்கள். அதே 1968ஆம் ஆண்டில், கப்பல் கட்டுவதற்கென்றே அரசு சார்பில் வேறொரு நிறுவனத்தையும் நிறுவினார்கள்.

நண்பர்களே, நிறுவனம் நிறுவுவது எளிது. பெயர்ப்பலகை எழுத ஒரு நாள் போதும். அதன் பின்னர் அவர்கள் நடந்த வழியைத்தான் நாம் கருத்தூன்றிக் காணவேண்டும். ஏவுகணைப் படகுகள் ஆறு வேண்டியிருந்தன. முதல் இரண்டும் ஜெர்மனியிலே கட்டப்பட்டன. எஞ்சிய நான்கும் 1970களின் முற்பகுதியில் சிங்கப்பூரிலே கட்டப்பட்டன. பின்னர், அவற்றினும் பெரிய ஏவுகணைக் கப்பல்கள் ஆறு வேண்டியிருந்தன. முதலாவது ஜெர்மனியிற் பிறந்தது. மற்றைய ஐந்தும் சொந்த மண்ணிற் பிறந்தன. வாங்கும்போதே கற்றுக்கொள், கற்றதை உடனே கைகளாற் செய்து பார். இதுவே அவர்கள் கைக்கொண்ட முறை. பொருளை மட்டும் வாங்கியவன் அடுத்த முறையும் வாங்கவே வருவான். பொருளோடு அறிவையும் வாங்கியவன் அடுத்த முறை வரவேண்டியதில்லை!

இனி, நம் நான்கு கப்பல்களுக்கு வருவோம். படைவீரரையும் வாகனங்களையும் ஏற்றிச் சென்று கரையில் இறக்கும் தரையிறக்கக் கப்பல்கள் அவை. சிங்கப்பூருக்கு அவை எதற்கு என்று கேட்கலாம். தன் படைக்குப் பயிற்சி கொடுப்பதற்கும் போதிய நிலமில்லாத நாடு அது. பயிற்சிக்காகக் கடல்கடந்து பிற நாடுகளுக்குச் செல்லவேண்டும். கனமான தளவாடங்களையெல்லாம் கப்பலில் ஏற்றிச் செல்லவேண்டும். இதற்கென 1970களில் அமெரிக்காவிடமிருந்து ஐந்து பழைய கப்பல்களைப் பெற்றார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கட்டப்பட்டவை அவை. 1990களில் அவற்றின் வயது ஐம்பதை எட்டியது. மீண்டும் யாரேனும் கழித்துவிட்ட கப்பல்களைத் தேடுவதா, தாமே கட்டுவதா என்ற வினா எழுந்தது. தாமே கட்டுவதென்று முடிவுசெய்தார்கள்.

இம்முறை முதற் கப்பலையும் பிறரிடம் விடவில்லை. வரைபடமும் உள்நாட்டிலேயே வரையப்பட்டது; நான்கு கப்பல்களும் உள்நாட்டிலேயே கட்டப்பட்டன. முதற் கப்பல் 1998இல் நீரில் இறங்கியது. 2000ஆம் ஆண்டில் இரண்டும், 2001ஆம் ஆண்டில் இரண்டுமாக நான்கும் கடற்படையிற் சேர்ந்தன. எண்டியூரன்ஸ், ரெசொலூஷன், பெர்சிஸ்ரன்ஸ், எண்டெவர் என்பன அவற்றின் பெயர்கள். தாங்கும் ஆற்றல், மனவுறுதி, விடாமுயற்சி, பெருமுயற்சி என நாம் பொருள் கூறலாம். ஒரு நாடு முப்பது ஆண்டுகள் நடந்த பாதையையே அந்நான்கு பெயர்களும் சொல்லிவிடுகின்றன அல்லவா?

ஒவ்வொரு கப்பலும் 141 மீற்றர் நீளமும் ஏறத்தாழ 6,000 தொன் எடையும் உடையது. பதினெட்டு யுத்த டாங்கிகளையும் முந்நூற்றுக்கு மேற்பட்ட வீரரையும் ஏற்றும். மேற்றளத்தில் ஹெலிகொப்டர்கள் இறங்கும். கப்பலின் தொட்டிகளில் நீரை நிரப்பிப் பின்பகுதியைத் தாழ்த்தினால், கடல்நீர் அதன் வயிற்றினுள்ளே புகும். உள்ளே நிற்கும் சிறு படகுகள் மிதந்தவாறே பின்வாயில் வழியே வெளியேறிக் கரையை நோக்கிச் செல்லும். துறைமுகம் இல்லாத கரையிலும் பாரம் இறக்கலாம் என்பதே இதன் பயன். இத்துணைப் பெரிய கப்பலை இயக்கக் கடலோடிகள் 65 பேரே போதும். ஆட்டொகை குறைந்த நாடு தன் குறையை உணர்ந்து, அதற்கேற்ப வரைந்த கப்பல் அது. பிறர் வரைந்து தரும் கப்பல் பிறருடைய வசதிக்கே ஏற்றதாயிருக்கும்.

உண்மையை மறைத்துப் புகழ்பாடுவது நம் வழக்கமன்று. கப்பலின் பீரங்கி இத்தாலியினது. விமான எதிர்ப்பு ஏவுகணை பிரான்சினது. எல்லாவற்றையும் தாமே செய்தோம் என்று அவர்கள் சொல்லவில்லை. எதனைச் செய்வது, எதனை வாங்குவது என்று தீர்மானிக்கும் உரிமையைத் தம் கையில் வைத்துக்கொண்டார்கள். தன்னிறைவு என்பதன் மெய்ப்பொருள் அதுதான். 2000ஆம் ஆண்டில் எண்டியூரன்ஸ் உலகைச் சுற்றி வந்தது. சிங்கப்பூர்க் கடற்படைக் கப்பல்களுள் முதன்முதலில் அவ்வாறு செய்தது அதுவே. 2008ஆம் ஆண்டில் தாய்லாந்து இவ்வகைக் கப்பலொன்றைத் தனக்கும் கட்டித் தருமாறு கேட்டது. ஆங்தோங் என்னும் பெயருடன் அது 2012இல் கையளிக்கப்பட்டது. வாங்க நின்றவர்கள் விற்பவர்களாயினர்.

இந்த அறிவின் விலை என்னவென்பதை ஒரு நாள் உலகம் கண்டது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளை நமது கரையோர மக்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அம்பாறையையும் மட்டக்களப்பையும் முல்லைத்தீவையும் விழுங்கிய அதே ஆழிப்பேரலை, இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்தில் மெயுலாபோ என்னும் நகரையும் அழித்தது. பாலங்கள் உடைந்தன, வீதிகள் கடலுக்குட் போயின, வெளியுலகத் தொடர்பு அறுந்தது. இந்தோனேசிய அரசின் இசைவுடன் எண்டியூரன்ஸ் ஜனவரி முதல் வாரத்திலேயே அக்கரையை அடைந்தது. மற்றும் இரு கப்பல்கள் தொடர்ந்தன. சிறு படகுகள் இறங்கும் இடங்களைப் பொறியியற் படையினர் கடற்கரையிலே அமைத்தார்கள். டாங்கிகளுக்கென அமைத்த வாயிலின் வழியே மண்வாரும் இயந்திரங்களும் உணவும் குடிநீரும் மருந்தும் மருத்துவரும் இறங்கினர். யாரிடமும் கப்பலை இரவல் கேட்டு அவர்கள் காத்திருக்கவில்லை.

ஆயினும், பெரியோர்களே, மற்றொன்றையும் சொல்லாவிடின் என் கடமையிற் குறை செய்தவனாவேன். இது போர்க்கப்பல். அரிசி மூட்டை இறங்கும் அதே வாயிலின் வழியே டாங்கியும் இறங்கும். எதனை இறக்குவது, எந்தக் கரையில் இறக்குவது, அக்கரையில் வாழ்பவருடைய இசைவுடனா, இசைவின்றியா என்பதைக் கப்பல் தீர்மானிப்பதில்லை. ஆள்வோர் தீர்மானிக்கின்றனர். ஆள்வோரைக் கேள்வி கேட்கும் மக்கள் உள்ள நாட்டில்தான் அத்தகைய கப்பல் காவலாகும். கேள்வி அடங்கிய நாட்டில் அதுவே அச்சமாகும். கப்பலைக் கட்டும் அறிவு எவ்வளவு வேண்டுமோ, அதனைக் கட்டுப்படுத்தும் விழிப்பும் அவ்வளவு வேண்டும்.

சிறுமை பரப்பளவில் இல்லை. 1968இல் காவலும் கூலியும் போகும் என்று கலங்கிய தீவு, முப்பது ஆண்டுகளில் 6,000 தொன் கப்பலைத் தன் கையாற் கடலில் இறக்கியது. மந்திரத்தால் அது நடக்கவில்லை. படிப்படியாகக் கற்றதனால் நடந்தது. இளைஞர்களே, நம்மால் ஆகாது என்று யாரேனும் உங்களிடம் சொன்னால், கற்றுப் பார்த்தாயா என்று கேளுங்கள். கற்றபின், இந்த ஆற்றல் யாருக்காக என்றும் கேளுங்கள். இவ்விரு கேள்விகளையும் கேட்கத் துணிந்த மக்களை எவரும் சிறியவர் என்று சொல்ல முடியாது.