இருநூறுங்கிற ஒரு எண்

மண்ணூர்பேட்டையிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க: "லேப் ரிப்போர்ட்ல லிம்போசைட் 30 சதவீதம்னு போட்டிருக்கு. அப்போ எனக்கு எதிர்ப்பு சக்தி முப்பதுதானா?" இல்லக்கா. நூறு வெள்ளையணு எடுத்தா அதுல முப்பது லிம்போசைட், அவ்வளவுதான். மொத்தம் 8,000 இருந்தா லிம்போசைட் 2,400. அது சாதாரண அளவுதான்.

அந்த லிம்போசைட்லயே சிடி4னு ஒரு வகை உண்டு. எச்.ஐ.வி. அழிக்கிறது அதைத்தான். மைக்ரோஸ்கோப்புல பார்த்தா எல்லாம் ஒரே அச்சு, பிரிச்சு எண்ண முடியாது. 1975-ல கோலரும் மில்ஸ்டைனும் ஒரே இலக்கை மட்டும் பிடிக்கிற ஆன்டிபாடியைத் தயாரிக்க வழி கண்டாங்க. அதுல ஒளிரும் சாயம் ஏத்தி, லேசர் முன்னாடி அணுக்களை ஒவ்வொண்ணா ஓடவிட்டு எண்ணுற மெஷின்தான் ஃப்ளோ சைட்டோமீட்டர்.

இனி நம்ம ஊர் கதை. 1986-ல, சென்னை மருத்துவக் கல்லூரியில டாக்டர் சுனிதி சாலமனோட மாணவி நிர்மலா சேகரிச்ச ரத்தத்துலதான் இந்தியாவுல முதன்முதலா எச்.ஐ.வி. தெரிஞ்சது. சீரத்தைப் பிரிச்சு வீட்டு ஃப்ரிட்ஜுல வெச்சு, ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனாங்க. சிடி4-ல அந்த வசதி கிடையாது. அணு முழுசா இருக்கணும், ரத்தம் எடுத்த ஓரிரு நாள்ல எண்ணியாகணும். மெஷின் எங்கேயோ, நோயாளி எங்கேயோ.

2004 ஏப்ரல்ல தாம்பரம் சானடோரியம் உட்பட எட்டு அரசு ஆஸ்பத்திரியில எச்.ஐ.வி.க்கு இலவச மருந்து ஆரம்பிச்சாங்க. நோய் முத்தியிருக்கணும், இல்லேன்னா சிடி4 இருநூறுக்குக் கீழ இறங்கியிருக்கணும். இருநூத்தி நாப்பது இருந்து, பெருசா தொந்தரவும் இல்லேன்னா காத்திருக்கணும். உடம்பு இன்னும் கெட்டாத்தான் மருந்துன்னு ஒரு எண் சொல்றது எனக்கு இன்னிக்கும் ஆறல.

சுனிதி அம்மா 1993-ல தொடங்கின ஒய்.ஆர்.ஜி. கேர்ல சிடி4 எண்ண வேற வழியையும் சோதிச்சுப் பார்த்தாங்க. ஆன்டிபாடி பூசின நுண்மணிகளை ரத்தத்துல கலந்தா, சிடி4 அணுவைச் சுத்தி மணிகள் பூவிதழ் மாதிரி ஒட்டிக்கும். கட்டம் போட்ட கண்ணாடிச் சேம்பர்ல ஒரு சொட்டு விட்டு, சாதாரண மைக்ரோஸ்கோப்புல கட்டம் கட்டமா எண்ணணும். கண்ணு வலிக்கிற வேலை. ஆனா லேசர் வேண்டாம், பெரிய மெஷின் வேண்டாம், சின்ன ஊர் லேப்லயும் முடியும்.

மருந்துக்கான அந்த இருநூறுங்கிற எல்லை அப்புறம் 350 ஆச்சு, 500 ஆச்சு. 2017-ல எண்ணே வேண்டாம், எச்.ஐ.வி. உறுதியானா உடனே மருந்துன்னு அரசு அறிவிச்சது. சுனிதி அம்மா 2015 ஜூலையிலேயே காலமாயிட்டாங்க.

அக்கா, உங்க ரத்தம் போனது ஊதா மூடி டியூப்தானே? சிடி4-க்கும் அதே டியூப்தான். ஆனா டாக்டர் தனியா எழுதிக் கொடுத்தாத்தான் அதை எண்ணுவாங்க.