மிச்சிகன் உழைப்பாளரும் அமெரிக்க முன்தேர்தலும்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்க நாட்டில் கட்சியின் வேட்பாளரைத் தலைமை தன் விருப்பம்போல் அறிவித்துவிட இயலாது. குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு முன்னரே, மாநிலந்தோறும் மக்கள் ஒப்போலையிட்டு அவரைத் தெரிந்தெடுக்கின்றனர். இதனை முன்தேர்தல் என்போம். தலைமை விரும்பாதவரும் இதில் நின்று தலைமையை எதிர்க்கலாம்.

இவ்வுரிமை எளிதில் வந்ததன்று. 1968-இல் வியட்னாம் போரை எதிர்த்து நின்ற யூசின் மெக்கார்த்தி, நியூ ஆம்சயர் மாநிலத்தில் 42 விழுக்காடு ஒப்போலை பெற்றார். ஆட்சியிலிருந்த சான்சன் அத்திங்கள் இறுதியிலேயே போட்டியினின்று விலகினார். எனினும், ஒரு முன்தேர்தலிலும் நில்லாத அம்பிரியையே சிகாகோ மாநாடு வேட்பாளராக்கியது. அங்கே தெருவில் எழுந்த கொந்தளிப்பிற்குப் பின்னரே நெறிமுறைகள் மாறின; 1972 முதல் முன்தேர்தலின் முடிவே முதன்மை பெற்றது.

சோழன் தன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டிவைத்த கதையை நாமெல்லாம் அறிவோம். குறையுடையார் எவரும் அதனை அசைக்கலாம். கன்றை இழந்த ஆவும் அசைத்தது. அமெரிக்க உழைப்பாளர்க்கு முன்தேர்தல் அத்தகைய மணியாயிற்று. உந்துவண்டித் தொழிற்சாலைகள் நிறைந்த மிச்சிகன் மாநிலத்தில் அது மும்முறை உரக்க ஒலித்தது.

முதன்முறை அசைத்தவர், அலபாமாவின் ஆளுநர் சார்சு வாலசு. கறுப்பரும் வெள்ளையரும் ஒருங்கே கற்பதை எதிர்த்துப் பெயர்பெற்றவர். 1972 மே 15-இல் மேரிலாந்தில் அவர் சுடப்பட்டார். மறுநாள் மிச்சிகனில் பாதிக்கு மேற்பட்ட ஒப்போலைகளுடன் வென்றார். தெட்ராயிட்டு வட்டாரத்து மாணவரை நிறங்கலந்த பள்ளிகளுக்குப் பேருந்திலேற்றி அனுப்பும் வழக்குமன்ற முயற்சி அன்று பெருஞ்சினத்தை மூட்டியிருந்தது. வரிச்சுமை பற்றிய முறையீடும் நிறப்பகையும் அவ்வெற்றியிற் பின்னிக் கிடந்தன. உழைப்பாளர் என்பதற்காக அப்பகையை நாம் மூடிமறைத்தல் ஆகாது.

இரண்டாமுறை அசைத்தவர் கறுப்பினத் தலைவர் செசி சாக்சன்; மார்ட்டின் லூதர் கிங்கோடு பணியாற்றியவர். 1988 மார்ச்சில் மிச்சிகனில் கட்சியே நடத்திய ஒப்போலையெடுப்பில் அவரும் பாதிக்குமேல் பெற்றார். அண்டை மாநிலமான விசுகான்சினில், கெனோசா நகரத்து உந்துவண்டித் தொழிற்சாலை மூடப்படவிருந்தபோது, அத்தொழிலாளரோடு அவர் தோள்சேர்ந்து நின்றார். ஆயினும், சின்னாளில் அம்மாநிலம் துக்காகிசையே தேர்ந்தது. வெள்ளை உழைப்பாளருள் சிறுபகுதியினரே நிறத்தடையைத் தாண்டி வந்தனர்.

மூன்றாமுறை அசைத்தவர் பெர்னி சாண்டர்சு; 1988-இல் சாக்சனுக்குத் துணைநின்றவர். 1994-இல் நடைமுறைக்கு வந்த வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தைத் தொடக்கமுதல் எதிர்த்தவர். 2016 மார்ச்சு 8-இல், கருத்துக் கணிப்புகளையெல்லாம் பொய்யாக்கி, மிச்சிகனில் இலாரி கிளிண்டனை வென்றார். அதே நாளில் அதே மாநிலத்தில், குடியரசுக் கட்சித் தலைமையை எதிர்த்து நின்ற தொனால்டு திரம்பும் வென்றார்! அவ்வொப்பந்தத்தை அவரும் பழித்துரைத்தவரே. அவ்வாண்டு நவம்பரில் 11,000-க்கும் குறைந்த வேறுபாட்டில் மிச்சிகன் அவர் கைக்குப் போயிற்று.

இவர்தம் கொள்கைகள் வெவ்வேறு; ஒன்றற்கொன்று பகையானவையும் உள. எனின், மணியை ஒலிக்கச் செய்த குறை யாது? உந்துவண்டித் தொழிலாளர் கழகத்தில் 1979-இல் ஏறத்தாழ 15 இலக்கம் உறுப்பினர் இருந்தனர். 2020-இல் 4 இலக்கமும் இல்லை. அயல்நாட்டுப் போட்டி, எந்திரப் பெருக்கம், தொழிற்சாலை இடப்பெயர்ச்சி ஆகியவை கூடி அவர்தம் வாழ்வைத் தேய்த்தன. மக்களாட்சிக் கட்சித் தலைமையோ அவர்தம் ஒப்போலையைத் தன் மரபுடைமையாகக் கருதி வாளாவிருந்தது. குறையைக் கேளாதவர் வாயிலில், கேட்பதாகச் சொல்பவர் எவர் வரினும் கூட்டம் சேரும். வருபவர் முறை வழங்குவாரா, பகையை வளர்ப்பாரா என்பது பின்னரே தெரியும்.

எதிர்த்து நிற்போர்க்கும் இதில் பாடமுண்டு. 2020 மார்ச்சில் மிச்சிகனின் 83 மாவட்டங்களிலும் சாண்டர்சு பைடனிடம் தோற்றார். உழைப்பாளர் ஒப்போலை எவர்க்கும் எழுதிக்கொடுத்த நிலமன்று. அதே மாநிலம் 2020 நவம்பரில் பைடனையும், 2024-இல் மீண்டும் திரம்பையும் தேர்ந்தது.

2023 செப்டம்பரில் உந்துவண்டித் தொழிலாளர் மூன்று பெருநிறுவனங்களையும் எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். ஆட்சியிலிருந்த பைடனே மிச்சிகன் சென்று அவர்தம் மறியல் வரிசையில் நின்றார். ஏறத்தாழ ஆறு கிழமைக்குப் பின், ஒப்பந்தக் காலத்திற்குள் 25 விழுக்காடு கூலி உயர்வு கிட்டியது. அரை நூற்றாண்டாக வேட்பாளர் பலர் சொல்லளவில் தந்ததை, தம் கழகத்தின் ஒற்றுமையால் அவர்கள் கைப்பொருளாகப் பெற்றனர்.

மணி வேண்டும், அதனை அசைக்கும் உரிமையும் வேண்டும். ஆனால் இந்நாளில் வாயிலுக்கு வெளியே வந்து முறை செய்யும் சோழன் இல்லை. ஆதலால், மணியை அசைக்கும் கைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளவும் வேண்டும். நிறத்தின் பெயரால் அக்கைகளைப் பிரிப்பவன், எத்துணை இனிமையாகப் பேசினும், உழைப்பாளர்க்கு உறவினன் ஆகான்.