பொறுமையும் ஒரு திருப்பணி



திருக்குடமுழுக்குப் பெருவிழாவைக் கண்டு களிக்க வந்திருக்கும் அன்பர்கள், யாகசாலையின் ஒரு புறத்தே வரிசையாக வைக்கப்பெற்றுள்ள பாலிகைகளைக் கண்டிருப்பார்கள். தூய இடத்திலிருந்து முறைப்படி எடுத்துவந்த மண்ணை நிரப்பி, நவதானியங்களை விதைத்து, முளை தோன்றுவதற்காகக் காத்திருக்கும் மட்கலங்கள் அவை. பந்தலில் விளக்குகள் ஒரு நொடியில் எரிந்துவிடுகின்றன. தொலைவிலுள்ள தோட்டத்தில் நேற்று மாலை பறித்த மலர் இன்று காலை மாலையாகி வந்துவிடுகிறது. பாலிகையில் இட்ட விதை மட்டும் தனக்குரிய நாளிலேதான் தலைகாட்டும். கோடி கொடுத்த கொடையாளரும், ஆகமம் பழுதறக் கற்ற சிவாசாரியாரும் அதன் முன்னே ஒருபடித்தாய்க் காத்திருக்க வேண்டியவர்களே.

அட்டபந்தன மருந்தின் கதையும் இத்தகையதே. திருமேனியைப் பீடத்தோடு பிணைக்கும் அம்மருந்தில் கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என எட்டுப் பொருள்கள் சேரும். சேர்த்தால் மட்டும் போதாது, இடிக்க வேண்டும். உலக்கை ஓயாமல் இடித்து, பிசைந்து, மறுபடியும் இடித்து, கைக்கு மெழுகுபோல் இளகும் பதம் வந்த பின்னரே அதனைச் சாத்துவர். பதம் வருமுன் சாத்திய மருந்து நாளடைவில் விண்டுபோகும் என்பதைத் திருப்பணி செய்தோர் அனைவரும் அறிவர். இடிப்பவரின் கை சலித்தாலும் மனம் சலிக்கலாகாது.

இவ்வாறு நாள்களையும் நாழிகைகளையும் உணவாகக் கொண்டு வளர்கின்ற கோயிலுக்குள், இன்றைய மனிதன் எத்தகைய மனத்தோடு நுழைகின்றான் என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவன் கையில் ஒரு சிறு கருவி இருக்கிறது. விரலால் தொட்டால் கடல் கடந்த நாட்டிலிருப்பவர் முகம் தெரிகிறது. வேண்டிய பண்டம் வாயிலுக்கே வந்து சேர்கிறது. இவற்றைப் பழிப்பது பேதைமை. முதியோர் பலர் பிள்ளைகளின் முகத்தைக் காண்பதே இக்கருவியின் உதவியால்தான். ஆயினும், கருவிக்கு உரிய வேகத்தைத் தனக்கும் உரியதென்று மனம் தவறாக எண்ணிக்கொண்டுவிட்டது. எழுதி அனுப்பிய செய்திக்கு நண்பரிடமிருந்து மறுமொழி வரச் சற்றே தாமதமானால் நட்பிலேயே ஐயம் பிறக்கிறது. குழந்தை ஒரு பாடத்தில் பின்தங்கினால் தந்தைக்குச் சினம் மூளுகிறது. கோயிலுக்கு வந்தவரும் சிறப்பு வழிச் சீட்டைப் பெற்று விரைந்து உட்சென்று, தீபாராதனையைக் கண்ணால் காண்பதற்கு முன் கருவியால் படம் பிடிக்க முயல்கிறார். வீட்டுக்குச் சென்று பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம் போலும்!

சேக்கிழார் பெருமான் பாடிய பூசலார் நாயனார் வரலாற்றை அன்பர்கள் பலமுறை கேட்டிருப்பார்கள். தொண்டை நாட்டுத் திருநின்றவூரில் வாழ்ந்த அந்த அடியார், இறைவனுக்கு ஒரு கோயில் எடுக்க விழைந்தார், பொருள் தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. வருந்தி, பின் மனத்தினாலேயே கட்டத் துணிந்தார். கதையின் இப்பகுதியை எல்லோரும் சொல்வார்கள். இதனுள் பலரும் நின்று நோக்காத ஒன்று உண்டு. மனத்திற்குக் கோயில் கட்ட எவ்வளவு நேரம் வேண்டும்? கண்ணை மூடினால் கோபுரம் நிற்கும். கண்ணைத் திறப்பதற்குள் குடமுழுக்கும் முடிந்துவிடும். கல் இல்லை, கூலி இல்லை, தடுப்பவரும் இல்லை. பூசலாரோ அவ்வாறு செய்யவில்லை. மனத்தகத்தே சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்தார். சாதனங்களைத் தேடினார். தச்சரை அமர்த்தினார். நல்ல நாள் பார்த்து அடிநிலை இட்டார். இரவிலும் உறங்காது பணியைத் தொடர்ந்தார். அடிநிலை முதல் வரிசை வரிசையாக உயர்த்தி, விமானமும் சிகரமும் அமைத்து, சுதை வேலை முடித்து, கிணறும் திருமதிலும் குளமும் வகுத்து, நெடுநாள் உழைத்த பின்னரே குடமுழுக்குக்கு நாள் குறித்தார். நினைத்த மாத்திரத்தில் முடிக்கத்தக்கதைத் தானே விரும்பி நெடிது நாள் செய்தவர் அவர். கற்கோயிலுக்கு எத்துணைக் காலமோ அத்துணைக் காலத்தை மனக்கோயிலுக்கும் கொடுத்ததனால் அது பகற்கனவாகிவிடாமல் கோயிலாயிற்று.

அவ்வரலாற்றில் பொறுமைக்கு மற்றுமொரு சான்று உண்டு. அவர் காடவர்கோன். பெரும்பொருள் செலவிட்டுக் காஞ்சியில் கற்றளி எடுத்த பல்லவ வேந்தர். அக்கற்றளி இன்று கயிலாசநாதர் கோயிலாக விளங்குவதே என அறிஞர் பலர் கருதுவர். அவர் குறித்த நாளும் பூசலார் குறித்த நாளும் ஒன்றாயிருந்தன. முதல்நாள் இரவு இறைவன் கனவில் தோன்றி, நின்றவூரில் அன்பன் ஒருவன் நெடுநாள் எண்ணி எடுத்த கோயிலுக்கு நாளை எழுந்தருள்வதாகவும், வேந்தர் தம் விழாவைப் பின்னொரு நாளில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றும் பணித்தான். பெரும் பொருட்செலவில் நாள் குறித்த விழாவை ஓர் இரவில் நிறுத்துவதென்றால் எத்துணைக் கடினம் என்பதைத் திருப்பணிக் குழுவில் அமர்ந்தவர்களிடம் கேட்டால் தெரியும். வேந்தர் சினக்கவில்லை, “அவன் யார்?” என்று இகழவும் இல்லை. திருநின்றவூருக்குச் சென்றார், ஊரில் அப்படி ஒரு கோயிலே இல்லை என்று கேட்டும் திரும்பிவிடாமல் பூசலாரை நேரிற்கண்டு, நிகழ்ந்ததை அறிந்து, நிலமுற வணங்கி மீண்டார். கொடையாளர் வரிசையில் முதலிடம் தமக்கே என்று எண்ணுவோர் ஒருமுறை நினைத்துப் பார்க்கத்தக்க வேந்தர் அவர்.

பழங்கதையோடு நிற்க வேண்டியதில்லை. திருவரங்கத்தின் தெற்கு வாயிலில் விசயநகர வேந்தர் காலத்தில் தொடங்கப்பெற்ற பெருங்கோபுரம் அடிநிலையோடு நின்றுபோய், நூற்றாண்டுகள் பலவாக மொட்டைக் கோபுரமாகவே இருந்தது. அகோபில மடத்தின் 44-ஆம் பட்டத்து அழகியசிங்கர், முதுமைப் பருவத்தில், 1979-ஆம் ஆண்டில் அதனை எடுத்து முடிக்கும் பணியை ஏற்றார். 1987 மார்ச்சு மாதத்தில் 13 நிலைகளுடன் அக்கோபுரம் குடமுழுக்குக் கண்டது. அதன் அடிக்கல்லைச் செதுக்கிய சிற்பி சிகரத்தைக் காணவில்லை. காணப்போவதில்லை என்று எண்ணி உளியை மெலிதாகப் பிடிக்கவும் இல்லை. அத்துணைப் பெரிய பாரம் ஏறிய பின்னரும் அக்கல் தாங்கி நிற்கிறது.

இதற்கு எதிரான காட்சியும் உண்டு. அதனைச் சொல்லாமல் விடுவது முறையன்று. பழங்கோயில் சிலவற்றில் குறித்த நாளுக்குள் சுவர் பளிச்சென்று இருக்க வேண்டும் என்னும் அவசரத்தால், காற்றழுத்தத்தோடு மணலைப் பீய்ச்சிக் கல்லைத் துப்புரவு செய்தனர். அழுக்கு போயிற்று, அதனோடு சிற்பத்தின் கண்ணிமையும், கல்வெட்டின் எழுத்தும் தேய்ந்து போயின. விளக்கெரிக்க ஆடு விட்டவர், நந்தவனத்துக்கு நிலம் ஈந்தவர் என்று முன்னாளைய கொடையாளரின் பெயர்கள் பொறித்த எழுத்துகள் அவை. தண்ணீரும் மெல்லிய தூரிகையும் கொண்டு சில திங்கள் உழைத்தால் அதே அழுக்கு போயிருக்கும். ஓராண்டு பொறுக்காமையால் ஆயிரம் ஆண்டு அழிந்தது.

பொறுமையைப் பற்றிப் பேசுகையில் எச்சரிக்கையும் வேண்டும். எளியவரை அடக்கி வைக்க வலியவர் எடுத்தாளும் சொல்லாகவும் இது பயன்பட்டிருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களிடம் “இன்னும் பொறுங்கள்” என்று உள்ளிருந்தவர் சொன்னது பொறுமை உபதேசம் ஆகாது. 1939 சூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் அவர்களை அழைத்துச் சென்றபோது, அது காலங்கடந்தேனும் நிகழ்ந்த நியாயம் என்றே பெரியோர் கொண்டாடினர். பிறர் துயர் துடைக்கும் செயலில் தாமதம் குற்றமே. முதலையின் வாயில் அகப்பட்ட யானை அழைத்தபோது திருமால் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கருடன்மீது விரைந்து வந்தார். தன் காரியத்தில் பொறுமையும் பிறர் துன்பத்தில் விரைவும் வேண்டியிருக்க, இன்று தன் காரியம் பறக்கிறது. அண்டை வீட்டார் துன்பத்தை விசாரிக்க மட்டும் நேரம் இல்லை.

இதனை எங்ஙனம் பயில்வது என்று கேட்பவர் உண்டு. திருவள்ளுவர் பொறையுடைமையைத் துறவறவியலில் வைக்கவில்லை. இல்லறவியலில், 16-ஆம் அதிகாரமாக வைத்தார். மனைவி, மக்கள், சுற்றம், அயலார் இவர்களிடையே வாழ்பவனுக்கே அது நாள்தோறும் வேண்டுவது என்பது அவர் கருத்தாகலாம். அப்பயிற்சிக்குக் கோயிலும் இடம் தருகிறது. கருவுற்று மாதம் நிறைந்த பெண் தலையில் எண்ணெய்க் குடம் ஏந்தி நடப்பதுபோல் வலம்வர வேண்டும் என்று பெரியோர் சொல்லி வைத்தனர். அவ்வாறு ஒரு சுற்று வந்தவர்க்குத் தெரியும்: முதல் பத்தடிக்குள் கால் தானாகவே விரையும், மனம் அதனைப் பிடித்து நிறுத்தும், மீண்டும் விரையும். வழிபாடு முடிந்ததும் வீடு திரும்புமுன் மண்டபத்தில் சிறிது நேரம் அமர்ந்து செல்லும் வழக்கமும் உண்டு. பாட்டிமார் விடாது போற்றிய இவ்வழக்கத்தை, காலணி வைத்த இடத்தை நோக்கி ஓடும் அவசரத்தில் பேரப்பிள்ளைகள் விட்டுவிட்டனர். அமர்ந்த சிறு பொழுதில் கருவியை எடுக்காமலிருப்பதே தொடக்கத்தில் பெரிய தவமாக இருக்கும்.

“முட்டுக்கட்டை போடுகிறான்” என்று ஒருவனைக் குறை கூறுவது உலக வழக்கு. இவ்வழக்கைப் படைத்தவர் தேரோட்டத்தை அருகிருந்து பார்த்திலர் போலும். திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் புதுமுறைத் தடையும் பொருத்திய பின்னரும், சக்கரத்தின் அருகே குனிந்தபடி கட்டை போடுவோர் உடன் செல்கின்றனர். வடம் பிடிப்பவர் ஆயிரம் பேர் இருந்தாலும், வீதி மூலையில் தேரைத் திருப்புவது அந்தக் கட்டைதான். ஆரவாரம் முழுதும் வடத்தின் பக்கம் இருக்கும். கட்டை போடுபவரை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நாளை மறுநாள் இப்பந்தல் பிரிக்கப்படும். வெளியூர் அன்பர்கள் திரும்பிச் சென்றிருப்பார்கள், ஒலிபெருக்கி ஓய்ந்திருக்கும், பாலிகை முளைகளை நீர்நிலையில் விட்டிருப்பார்கள். அதன்பின் தொடங்குவது 48 நாள் மண்டல வழிபாடு. அந்நாள்களில் மாலைப் பூசைக்கு அர்ச்சகர் இருப்பார். மடைப்பள்ளியில் ஒருவர் இருப்பார். தவிலும் நாகசுரமும் ஒலிக்கும். தூணோரம் நாலைந்து பேர் அமர்ந்திருக்கலாம். இன்று நெரிசலில் எட்டி நின்று கலசத்தை மட்டும் கண்டவர், அம்மாலைகளில் ஒன்றில் வந்தால் சந்நிதி எதிரே வேண்டுமட்டும் நிற்கலாம். யாரும் நகரச் சொல்லமாட்டார்கள். பீடத்தின் அடியில், இன்று சாத்திய மருந்து அப்போதும் சிறிது சிறிதாக இறுகிக்கொண்டிருக்கும்.