ஊர்ச் சுத்தமும் ஊழியர் கையும்

நகரசபைகள் "பசுமை நிர்வாகம்" பேசுவதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அந்தப் பசுமை யார் கையால் வருகிறது? 2016-ம் வருஷத்துத் திடக்கழிவு விதிகள், வீட்டுக்காரர் மக்கும் குப்பையையும் மக்காததையும் பிரித்துக் கொடுக்கவும், அள்ளுகிறவருக்குக் கையுறை, முகமூடி, காலணி, மழைக்கோட்டு கிடைக்கவும் உத்தரவிட்டன. முதலாவதற்குச் சுவரெல்லாம் விளம்பரம்! இரண்டாவதற்கோ பல ஊரில் பேச்சு மூச்சில்லை. வீட்டில் பிரிக்காத குப்பையைத் தெருவில் வெறுங்கையால் கிளறுகிறவர் விரலைத்தான் உடைந்த கண்ணாடி கிழிக்கிறது. அவர்கள் பெரும்பாலும் தீண்டாதாரென்று ஒதுக்கப்பட்ட ஜாதியாராகவே இருப்பதற்கு எந்த சாஸ்திரியாராவது நியாயம் சொல்லட்டுமே! காய்ச்சலென்று ஒருநாள் படுத்தால் கூலி பிடிக்கிற கண்டிராக்டரிடம் அவர்களை ஒப்புவித்துவிட்டு, ஊர்ச் சுத்தத்திற்கு மார்க்கு வாங்கினால் அது எத்தனை மாதம் நிற்கும்? அடுத்த கூட்டத்துக்கு முன் உங்கள் வார்டு மெம்பரிடம் கையுறைக் கணக்கைக் கேளுங்கள்.