தோட்டத்துச் சிலந்தி

கிராமத்து வீட்டில் வாழ்வோர் சிலந்தியோடும் வாழ்ந்தே ஆகவேண்டும். செம்பருத்திக்கும் வேலிக்கும் இடையே வட்டவலை கட்டி, எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்து நீட்டி, தலைகீழாக அமர்ந்திருக்கும். நடுவிலிருந்து பிரியும் இழைகளில் பசை இராது. சுற்றிவரும் இழைகளில்தான் உண்டு. பழைய வலையைத் தானே உண்டு, மீண்டும் நூலாக்கி நெய்யும். ஈயும் வெட்டுக்கிளியும் அதற்கு இரை. சீண்டாதவரை நமக்குத் தீங்கில்லை. நாமோ கண்டவுடன் விளக்குமாற்றை எடுக்கிறோம்.

திருவானைக்காவிலும் இதுவே நிகழ்ந்தது. வெண்ணாவல் மரத்துச் சருகு பெருமான் திருமுடிமேல் உதிராவண்ணம் சிலந்தி வாய்நூலால் விதானம் அமைத்தது. நீராட்டி வழிபட்ட யானையோ அதனை அழுக்கென்று கருதிச் சிதைத்தது. இரண்டுமே அடியார்கள், ஒன்றன் தொண்டு மற்றொன்றுக்குக் குப்பையாயிற்று! சினங்கொண்ட சிலந்தி துதிக்கையுட் புகுந்து கடிக்க, இரண்டும் மாண்டன. அச்சிலந்தியே கோச்செங்கட் சோழ நாயனாராய்ப் பிறந்தது. அவர் எடுத்த கோயில்கள் 70 என்பது திருமங்கையாழ்வார் தரும் கணக்கு.

“அப்படியானால் கோயிலில் ஒட்டடை அடிக்கலாமா?” என்று ஓர் அம்மையார் நம்மைக் கேட்டார். தாராளமாக அடிக்கலாம், அப்பர் பெருமான் காட்டிய உழவாரத் தொண்டல்லவா அது! சிலந்தி விட்டுப்போன ஒட்டடை வேறு. அது குடியிருக்கும் வலை வேறு. பூக்கொய்யப் போகும் வழியில் வலை குறுக்கிட்டால், சிலந்தியை ஒரு குச்சியில் ஏந்திப் பக்கத்துச் செடியில் விடுங்கள், அங்கே கட்டிக்கொள்ளும்.