கரையும் தகடும் வளரும் மண்டையோடும்



குழந்தை மருத்துவத்துக்கு வாழ்நாளைத் தந்த ஒருவரின் நினைவாக நடக்கும் பொழிவு இது. எனவே குழந்தையின் உடலுக்கே உரிய ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டேன். வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பில் அறுவை மருத்துவர் எதைப் பொருத்தலாம்? அது எத்தனை காலம் அங்கே இருக்கலாம்?

பச்சிளம் குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பல்ல. தனித்தனி எலும்புகள் பொருத்துவாய்களில் சேர்ந்து நிற்கின்றன. முதல் பிறந்தநாளுக்குள் மூளையின் எடை இரு மடங்கைத் தாண்டிவிடும். அதற்கு இடம்விடுபவை இந்தப் பொருத்துவாய்களே. ஏறத்தாழ 2,000 முதல் 2,500 குழந்தைகளில் ஒருவருக்கு இவற்றில் ஏதேனும் ஒன்று காலத்துக்கு முன்பே மூடிவிடுகிறது. மூடிய கோட்டுக்குக் குறுக்கே மண்டை அகலாது. ஈடுகட்ட அந்தக் கோட்டின் போக்கிலேயே நீளும். இதை 1851இல் எடுத்துரைத்தவர் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ. நடு உச்சியின் பொருத்துவாய் மூடினால் தலை ஒடுங்கி, முன்பின்னாக நீள்வது இதனால்தான்.

1967இல் பிரெஞ்சு மருத்துவர் பால் டெஸியே ரோம் மாநாட்டில் தம் முறைகளை முன்வைத்த பிறகு, மண்டை எலும்பையும் முக எலும்பையும் அறுத்து, வடிவம் மாற்றி அமைக்கும் அறுவை பரவியது. அறுத்த எலும்பைப் பிடித்து நிறுத்த முதலில் கம்பிகள், பின்னர் டைட்டானியம் தகடுகளும் திருகுகளும் வந்தன. பெரியவர்களுக்கு அவை நன்றாகவே உதவின. குழந்தைகளிடம்தான் எதிர்பாராத ஒன்று தெரிந்தது: வெளிப்புறம் பொருத்திய தகடு சில ஆண்டுகளில் மண்டைக்குள்ளே, மூளையுறையை ஒட்டிக் கிடந்தது.

தகடு நகரவில்லை, எலும்புதான் அதைக் கடந்து சென்றது. வளரும் மண்டையோட்டில் வெளிப்புறம் புதிய எலும்பு படிகிறது, உட்புறம் பழைய எலும்பு கரைகிறது. இளமரத்தில் அடித்த ஆணியை மரம் விழுங்குவது போன்றதே இது. திறந்திருக்கும் பொருத்துவாயின் குறுக்கே தகடு வைத்தால் அங்கே வளர்ச்சி தடைபடுவதையும் குட்டி முயல்களில் நடந்த ஆய்வுகள் காட்டின.

ஆக, சில வாரங்கள் உறுதியாகப் பிடித்து, பிறகு தானே விலகும் பொருள் தேவைப்பட்டது. தேடலின் முதல் கட்டத்தில் தூய பாலி எல்-லாக்டிக் அமிலத்தை நம்பினார்கள். நெதர்லாந்தில் கன்ன எலும்பு முறிவுக்கு அதைப் பொருத்திக்கொண்ட பெரியவர்கள் சிலர், மூன்று ஆண்டுகள் கழித்து வீக்கத்தோடு திரும்பி வந்தார்கள். படிகத் துகள்கள் கரையாமல் தங்கியிருந்தன. மெதுவாகக் கரைவதே அங்கே தொல்லையாயிற்று.

1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற லாக்டோசார்ப் என்ற கரையும் தகட்டில் 82 விழுக்காடு லாக்டிக் அமிலம், 18 விழுக்காடு கிளைகாலிக் அமிலம். இந்தக் கலவை படிகமாக இறுகாது. எட்டு வாரம்வரை வலிமையில் பெரும்பகுதி நிலைக்கிறது. குழந்தையின் எலும்பு ஒன்றுசேர அதுவே போதும். உடல்நீர் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்க, விளையும் அமிலங்கள் கடைசியில் கரியமில வாயுவும் நீருமாகின்றன. சுமார் ஓராண்டில் தகடு இல்லை. 2004இல் வெளியான பன்மருத்துவமனை ஆய்வில், இதைப் பொருத்திய 1,883 குழந்தைகளில் தகட்டின் கோளாறுக்காக மறு அறுவை தேவைப்பட்டவர்கள் 0.3 விழுக்காட்டினரே.

இளம் மருத்துவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கரையும் என்பதற்காக எங்கும் வைத்துவிடலாகாது. மூளை மிக விரைவாக வளரும் அதே ஓராண்டுதான் இந்தத் தகட்டின் ஆயுளும். அதைத் திறந்த பொருத்துவாயின் குறுக்கே வைத்தால், கரையும்வரை அதுவும் பூட்டுத்தான். டைட்டானியத்தைவிட இது தடிப்பானது. மெல்லிய தோலுக்கடியில் கைக்குத் தட்டுப்படும், சிலருக்குச் சிறிது காலம் வீங்கும். விலையும் கூடுதல். கைக்குழந்தையின் மெல்லிய எலும்புக்குச் சில இடங்களில் கரையும் தையல்நூலே போதும்.

எனவே பொருத்துமுன் மூன்றைக் கேளுங்கள்: இந்த எலும்பு எந்தப் பக்கம் வளர்கிறது, ஒன்றுசேர எத்தனை வாரம் ஆகும், அதற்குப் பிறகு இந்தப் பொருள் அங்கே இருக்கத் தேவை உண்டா? மூன்றாவது கேள்விக்கு விடை ‘இல்லை’ என்றால், கரையாத தகட்டைத் தேர்ந்தெடுக்கக் காரணம் தேடவேண்டியவர் நீங்கள்.